அத்தானின் சுண்டுவிரல்

கழுகு என்பது விமானப் பயிற்சிக் கழகத்தில் அவனுக்கு வைத்த பெயர். மரியாதைக்காக வைத்ததல்ல. ஜன்னலைப் பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? மறுநாள் மூன்றாவது முறை. அதற்குமேல் வாய்ப்பு கிடையாது. தேறினால் சரக்கு விமானக் கம்பெனியில் பைலட். தவறினால் அதே கம்பெனியில் இப்போது பார்க்கும் மூட்டை எடை போடும் வேலையே ஆயுளுக்கும்.

இந்த முறை அவனுக்குப் பயமில்லை. அக்காவின் கணவர் பெரிய பைலட். ஆறு மாதமாகப் பக்கத்து இருக்கையில் துணைக்கு வருகிறார். கழுகின் நெற்றியில் வண்டிக் குதிரைக்குக் கட்டுவது போல ஒரு மறைப்பு. கருவிகள் தெரியும், வானம் தெரியாது. வெளியே பார்த்துக்கொள்வது அத்தானின் பொறுப்பு. விமானமோ கழுகின் கையில் பசுமாடாகிவிட்டிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்தால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும்.

"மெஷினுக்கும் மனசு இருக்கு அத்தான். நான் நினைக்கிறது அதுக்குப் புரியுது" என்பான்.

அத்தான் இருமுவார்.

தேர்வுக்கு முந்தின நாளான அன்று அடித்த காற்றில், ஓடுதளத்தின் ஓரத்தில் கட்டியிருந்த, காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு விடுப்பில் போய்விட்டது. காக்கைகள் நடந்துதான் வீட்டுக்குப் போயின. "போறதுன்னா போங்க, திரும்பி வர்றதா இருந்தா மட்டும் சொல்லுங்க" என்றார் கட்டுப்பாட்டு கோபுரத்துக்காரர்.

"இதுல ஓட்டிட்டா எதுலயும் ஓட்டலாம், வாங்க அத்தான்" என்றான் கழுகு.

மேகத்துக்குள் நுழைந்ததும் அத்தானின் தொப்பி கூரையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. போன வருடம் இருக்கைக்கு அடியில் தொலைந்த பேனா வெளியே வந்து இருவருக்கும் முகம் காட்டிவிட்டுத் திரும்பிப் போனது. கருவிகளின் முட்கள் மட்டும் அதனதன் இடத்தில் நின்றன. கழுகுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்தவர் ஓட்டும்போது வயிற்றைப் புரட்டுவது பைலட்டுகளுக்கே உரிய சாபக்கேடு. அத்தான் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, காகிதப் பையை இரண்டு கையாலும் பிடித்து, அதற்குள் முகத்தைப் புதைத்தார்.

விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. அது தானாக நிமிரும் என்று கழுகு காத்திருந்தான். நிமிரவில்லை. நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்று உடம்பு சத்தியம் செய்தது. கவிழ்ந்துகொண்டிருக்கிறாய் என்றது கருவி. அவன் உடம்பை நம்பினான். உயரம் காட்டும் முள், விட்ட நேரத்தை எல்லாம் பிடிக்க ஓடும் கடிகாரம் போலச் சுற்றியது.

"அத்தான், கருவி கெட்டுப்போச்சு!"

அத்தான் பையிலிருந்து தலையைத் தூக்கினார். வாயைக்கூடத் துடைக்கவில்லை. இறக்கையை நேராக்கி, மூக்கைத் தூக்கி, மறுபடி பையிடம் போனார். போகும்போது கால்கள் தாமாகவே பெடல்களின் மேல் ஏறின. இடது சுண்டுவிரல், கழுகுடையதோடு சேர்ந்தே திரும்பும் தன் பக்கத்து ஸ்டியரிங்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

கழுகு மறைப்பைத் தூக்கிப் பார்த்தான். அத்தானின் ஸ்டியரிங் முழுக்கக் கறுப்பு. சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து உலோகம் பளபளத்தது.

"எத்தனை நாளா?"

"எது?"

"விரல்."

"முதல்லேர்ந்தே... சும்மா லேசா. ஒரு பழக்கம்டா."

"அப்ப நான் ஓட்டினது எவ்வளவு?"

அத்தான் நேர்மையாக யோசித்தார். அதுதான் கொடுமை.

"ரேடியோல பேசினது பூரா நீதான்" என்றார்.

விமானத்தை அத்தானே இறக்கினார். இறங்கிய கையோடு கழுகு தேர்வு அலுவலகத்துக்குப் போன் போட்டு, நாளைக்கு வரவில்லை என்றான்.

"வராட்டி தோத்த கணக்குதான், தெரியும்ல? என்ன காரணம்னு போடட்டும்?"

"ஓட்டத் தெரியாது."

"அப்படியொரு காரணம் எங்ககிட்ட இல்ல தம்பி. காய்ச்சல்னு போட்டுக்கறேன்" என்றார் அலுவலர்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்தாள். "டெஸ்டை விட்டுட்டேன்" என்றான் கழுகு. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

"என்னங்க, சொல்லிட்டீங்களா?"

அத்தான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார். ஆறு மாதமாக அந்த விரலுக்கு உத்தரவு எங்கிருந்து வந்தது என்று கழுகுக்கு அப்போதுதான் புரிந்தது.

"உன் நல்லதுக்குத்தாண்டா" என்றாள் அக்கா. "ரெண்டு தடவையும் தேம்பித் தேம்பி அழுத. பார்க்க முடியல."

"அழுததாவது நானேதானா அக்கா?"

அவள் தட்டு வைத்துச் சோறு போட்டாள். அத்தான் எழுந்து, அவன் உட்கார வசதியாக நாற்காலியை லேசாக இழுத்துவிட்டார். கழுகு தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றபடியே சாப்பிட்டான்.