அக்காவை மட்டும் கொண்டுபோன ரயில்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. போன மாதம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்கா இதை மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அக்காவும் அத்தானும் அவர்களின் இரண்டு மகள்களுமாக நாலு பேரும் ஒருநாள் போய்வரலாமென்று பக்கத்து நகரத்துக்கு ரயிலேறினார்கள். வழியில் அத்தானும் இரண்டு பெண்களும் கீழே இறங்கிய நேரம் பார்த்து ரயில் அக்காவை மட்டும் கொண்டுபோய்விட்டது. அவர்கள் அடுத்த ரயிலில் வந்து சேரும்வரை இரண்டு மணி நேரம் அக்கா ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் சிரித்தோம். அத்தானும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

எனக்கு மூன்றாவது வாக்கியம் மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை. அக்காவைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள், அவளுக்கு இரண்டு நிமிடம் சும்மா உட்காருவது என்பதே ஒரு நோய். விருந்துக்கு வந்த வீட்டிலும், பேசிக்கொண்டே திரைச்சீலையின் ஓரத்தைப் புரட்டித் தையல் பார்க்கிறவள் அவள். அவள் இரண்டு மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம்.

எழுதுகிறவனுக்கு இவ்வளவு இடைவெளி கிடைத்தால் போதாதா? பூனைக்குக் கதவு திறந்திருந்த மாதிரிதான்.

2

தொடங்குவதில்தான் தகராறு.

"அதிகாலைப் பனியில் ரயில் நிலையம் ஒரு கனவைப் போல—" அன்று பனியே இல்லை. நல்ல வெயில். அடித்துவிட்டேன்.

"மீன்களுக்கு அன்று விருந்தாளிகள் தாமதமாக வந்தார்கள்." (அவர்கள் பார்க்கப் போனது நகரத்தின் மீன்காட்சியகம். சின்னவள் ஆறு மாதமாகச் சுறாமீன் சுறாமீன் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.) இந்தத் தொடக்கத்தை நினைத்து நானே இரண்டு நாள் மார்தட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் படித்தபோது மீன் நாறியது.

"ரயில் பயணம் என்பது வாழ்க்கைப் பயணத்தின்—" இதை எழுதியது நான் இல்லை. தூக்கக் கலக்கத்தில் என் கை எழுதியிருக்க வேண்டும்.

எனவே நேரே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை. ஏழு நாற்பது வண்டி. ஜன்னலோரம் இரண்டு பெண்களும், எதிரே அக்காவும் அத்தானும்.

3

அக்கா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. பதினோரு வருடமாகத் தெருவில் உள்ளவர்களின் இடுப்பு பெருப்பதும் சிறுப்பதும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். வருவதெல்லாம் கால்சட்டையைக் குட்டையாக்கு, சட்டையைப் பிடித்துத் தை, போன ஜிப்பை மாற்று. புதுத்துணியில் கத்தரி வைக்கும் வேலை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ.

அத்தான் பேருந்து ஓட்டுநர். வேறொருவர் ஓட்டும் வண்டியில் உட்காருவது அவருக்கு முள்மேல் உட்காருவது போல. வளைவு வந்தால் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். ரயிலிலும் தேடியது.

(இங்கே ஒரு வாக்குமூலம். முதல் வரைவில் அத்தானைக் கோமாளியாக்கியிருந்தேன். அன்றைய பயணத்துக்கு அவர் நிமிடக்கணக்காக ஒரு அட்டவணை எழுதி, நாலு பிரதி எடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத சின்னவள் கையிலும் ஒன்று கொடுத்தது உண்மை. அதை வைத்து ஒன்றரைப் பக்கம் சிரிக்க வைத்திருந்தேன். ஆனால் இந்த ஒருநாள் விடுமுறைக்காக அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை அடுத்தவர் டியூட்டியைப் பார்த்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்தேன். எழுதியது நன்றாகத்தான் இருந்தது, அதனால் வலித்தது.)

4

நடுவழியில் ஒரு சந்திப்பு நிலையம். வண்டி அங்கே பத்து நிமிடம் நிற்கும் என்று அத்தானின் அட்டவணை சொன்னது. தேநீர் விற்றவரும் அதையே சொன்னார். அன்று வண்டி ஆறு நிமிடம் தாமதமாக வந்ததால் நாலு நிமிடத்தில் கிளம்பிவிடும் என்பதை இருவருமே சொல்லவில்லை.

சின்னவளுக்குத் தண்ணீர் வேண்டும். மூத்தவளுக்கு எஞ்சினைப் பார்க்க வேண்டும். அத்தான் இருவரையும் இறக்கிக் கூட்டிப்போனார். இடம் போய்விடாமல் பார்த்துக்கொள்ள அக்கா உள்ளேயே இருந்தாள். அவளிடம் நாலு டிக்கெட்டும், ரொட்டியும், அவித்த முட்டையும், மாற்றுடைப் பையும். அத்தானிடம் இரண்டு பெண்களும் ஒரு காலி பாட்டிலும்.

வண்டி நகர்ந்தது. வேறு ரயில்தான் நகர்கிறது என்று அக்கா முதலில் நினைத்தாளாம். பிறகு குழாயடியில் நின்ற அத்தானின் முதுகு ஜன்னலில் மெல்ல வழுக்கிக்கொண்டு போனது. அவர் திரும்பினார். இரண்டடி ஓடினார். இடுப்பில் சின்னவள், ஒரு கையில் மூத்தவள். நின்றுவிட்டார். ஓடும் வண்டியில் பிள்ளைகளோடு ஏறப் பார்க்கிறவர்களைத் தினமும் திட்டித் தீர்க்கிற மனிதர், தானும் அப்படிச் செய்யமாட்டார்.

"அங்கயே இரு!" என்று கத்தியது மட்டும் கேட்டது.

எங்கே என்று அவளுக்கும் புரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லியாகிவிட்டது, டிக்கெட் இல்லாவிட்டாலும் அடுத்த வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள், பதினொன்று இருபதுக்கு வந்து சேருவோம், நகரத்தில் இறங்கியதும் பெரிய கடிகாரத்துக்குக் கீழே பெஞ்ச் இருக்கும், அங்கேயே உட்கார், எங்கேயும் போகாதே என்றார். அக்கா சரி என்றாள். பின்னால் சின்னவள் அழாமல், சுறாமீன் தூங்கிப் போயிடுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பது இருபதுக்கு வண்டி நகரத்தை அடைந்தது.

5

இங்கிருந்து நான் இட்டுக்கட்டினேன்.

என் வரைவில் அக்கா கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். கூட்டம் அவளைக் கடந்து போகிறது. பதினோரு வருடத்தில் முதல்முறையாகத் தனியாக இருக்கிறாள். அதை உணர்ந்த கணத்தில் அவள் கண்களில் நீர்—

அந்த இடத்தை எழுதி முடித்ததும் இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். நல்ல எழுத்து என்று முடிவு செய்து, போனில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"நான் எதுக்குடா அழணும்?"

தனிமையை உணர்ந்ததால் என்று விளக்கினேன்.

"உனக்கு அழுகாச்சி வேணும்னா உன்னை வெச்சு எழுதிக்கோ" என்றாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "நான் பெஞ்சில உக்காரவே இல்ல. கேட்டுக்கோ, சொல்றேன்."

6

உண்மையில் நடந்தது இது. ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. (இரண்டு சொல் சேர்த்திருக்கலாம்.)

அக்கா பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்ச் நன்றாகத்தான் இருந்தது. மூட்டை முடிச்சை நிலையத்தின் பொருள் காப்பகத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, பத்து நிமிடம் தெருவைப் பார்த்துவிட்டு வரலாமென்று வெளியே வந்தாள்.

மூன்றாவது கடை ஒரு தையற்கூடம். கோட்டு தைப்பவர்கள். கண்ணாடிக்குள் பொம்மைக்கு ஒரு சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தது. அதன் இடது கை கொஞ்சம் பின்னால் திரும்பியிருந்தது. போட்டுக்கொண்டு கையை முன்னால் நீட்டினால் தோள் சுருங்கிவிடும். அக்கா கடந்து போனாள். திரும்பி வந்தாள். மறுபடி கடந்து போனாள். பல்லில் சிக்கிய நார் மாதிரி அந்தக் கை அவளைப் போக விடவில்லை.

உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள்.

கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் நாலு குண்டூசி. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பேசினார். தெருவோடு போகிறவர்கள் குறை சொல்வது புதிதில்லை, சொன்னவர்கள் யாரும் சரிசெய்து காட்டியதில்லை என்றார். கோட்டைக் கழற்றி மேசைமேல் போட்டார். பக்கத்தில் ஒரு கத்தரியையும் வைத்தார்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது.

கையைப் பிரித்தாள். லைனிங்கை விலக்கி, அரை விரல் அகலம் முன்னால் திருப்பி, ஊசி குத்தி, வெள்ளை நூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டி, பொம்மைக்குப் போட்டுப் பார்த்தாள். திருப்தியில்லை. மறுபடி பிரித்தாள். அந்த மேசை இடுப்பு உயரத்துக்கு இருந்ததாம், குனியவே வேண்டாமாம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்ததாம். கத்தரி வெண்ணெயில் போவது போலப் போனதாம். இரண்டு மணி நேரத்தைப் பற்றி என்னிடம் சொன்னதில் பாதி அந்த மேசையைப் பற்றித்தான்.

மிஷினில் உட்கார்ந்தபோது அத்தானின் போன்.

"எங்க இருக்க?"

"இங்கதான்."

"என்ன சத்தம் அது?"

"ரயில்."

கல்யாணமாகி அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதானா என்று கேட்டேன். பெரிய பொய்களில் முதலாவது என்றாள்.

பத்தே முக்காலுக்கு முடிந்தது. கடைக்காரம்மா கோட்டைத் தானே போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டினார். பாராட்டவில்லை. பெயரைக் கேட்கவில்லை.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"வீட்லதான். சின்னச் சின்ன வேலை."

"என் கட்டிங் ஆள் போயிட்டார். வாரத்துக்கு நாலு நாள் வந்தா போதும். அடுத்த மாசக் கடைசிவரைக்கும் அந்த இடத்தை யாருக்கும் குடுக்கமாட்டேன்."

அக்கா சிரித்துவிட்டாள். ஊரிலிருந்து ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அதெல்லாம் நடக்காது என்றாள். அவர் மறுபேச்சு பேசாமல் கடையின் அட்டை ஒன்றை நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டாள். நடக்காது என்று சொன்ன வாயும் வாங்கிக்கொண்ட கையும் ஒரே ஆளுடையவைதானா என்று தெருவில் நடக்கும்போது அவளுக்கே சந்தேகமாக இருந்ததாம்.

7

பதினொன்று பதினைந்துக்கு அவள் பெஞ்சில் இருந்தாள். மூட்டை முடிச்சுகள் காலடியில். நல்ல பிள்ளை.

வண்டியிலிருந்து முதலில் இறங்கியது அத்தான்தான். அட்டவணையைக் கையிலேயே சுருட்டி வைத்திருந்தார், வியர்வையில் மை கலைந்து உள்ளங்கையெல்லாம் நீலம். தப்பு என்மேலதான் என்று அங்கே நின்றுகொண்டே மூன்று முறை சொன்னாராம். இரண்டு மணி நேரம் இப்படித் தனியா உக்கார வெச்சுட்டேனே என்று. அக்காவுக்கு உண்மை வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது.

மூத்தவள் மட்டும் அவள் தோளிலிருந்து ஒரு நீள வெள்ளை நூலை எடுத்துக் கீழே போட்டாள். அம்மா என்றால் மேலே நூல் இருக்கும், அதற்கென்ன?

மீன்காட்சியகம் போனார்கள். சுறா தூங்கவில்லை. கண்ணாடிக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. சின்னவள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நாற்பது நிமிடம் நின்றாள், அட்டவணைப்படி பதினைந்துதான். அத்தான் சுருட்டிய அட்டவணையைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பும் ரயிலில் மூன்று பேரும் அக்காமேல் சாய்ந்து தூங்கினார்கள். சந்திப்பு நிலையத்தில் வண்டி பத்து நிமிடம் முழுசாக நின்றது.

8

இனி முடிவு.

முடிவு ஒன்று: அக்கா அட்டையைக் கிழித்துப் போடுகிறாள். (இல்லை. மிஷினின் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. அவளே சொன்னாள்.)

முடிவு இரண்டு: வேலைக்குப் போகிறாள், தனிக்கடை போடுகிறாள், அவள் தைத்த கோட்டை அணிந்துகொண்டு அத்தான் பேருந்து— வேண்டாம். அத்தானுக்குக் கோட்டு பொருந்தாது.

முடிவு மூன்று: அத்தான் கூடாது என்கிறார், அக்கா கதவை அறைந்து சாத்துகிறாள். இதை அக்காவிடம் சொன்னபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "அவர் வேண்டாம்னு சொல்லமாட்டார்டா. சரின்னு சொல்லிட்டு ராத்திரி தூங்காம படுத்திருப்பார். ரயில் லேட்டானா என்ன, உனக்குக் காய்ச்சல்னா என்ன, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா யாருன்னு ஒவ்வொண்ணுக்கும் அட்டவணை போடுவார். அதைப் பாத்துட்டு நானே வேண்டாம்னுடுவேன்."

நான் என்னதான் எழுதட்டும் என்று கேட்டேன். நடந்ததை அப்படியே எழுது, எதையும் மாத்தாதே என்றாள்.

பத்திரிகையில் வந்தால் அத்தான் படிப்பாரே என்றேன். நான் எழுதுவதைக் கடைசி எழுத்துவரை படிக்கிற ஒரே உறவுக்காரர் அவர்தான், எழுத்துப்பிழைகளை அடிக்கோடிட்டு அனுப்புவார்.

"படிக்கட்டும்."

"அதுக்கு நீயே நேர்ல சொல்லிடலாமே."

மிஷின் இரண்டு தையல் ஓடி நின்றது.

"நேர்ல சொன்னா, நான் பாதி சொல்றதுக்குள்ளயே அவர் பதில் சொல்ல ஆரம்பிச்சுடுவார். எல்லாத்துக்கும் வழி கண்டுபிடிச்சுக் குடுத்துடுவார். எனக்கு வழி வேண்டாம்டா. அந்த மேசையைப் பத்தி முழுசா ஒரு தடவை கேட்டா போதும். படிக்கும்போது குறுக்க பேச முடியாதில்ல?"

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு எழுதும் உரிமை எனக்கில்லை. மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நீங்கள் அவரவர் விருப்பப்படி ஒரு முடிவை வைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டலாம். இதற்குமேல் இருப்பது ஒருவருக்கு மட்டும்.

அத்தான், மாசக் கடைசிக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அக்கா முன்னறையில்தான் இருப்பாள். பத்திரிகை வந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும். மிஷின் சத்தம் கேட்காவிட்டால், நீங்கள் எந்த வரியில் இருக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

முழுசாகப் படித்துவிட்டீர்கள். இப்போது நீங்கள் பேசலாம்.