தாழ்ப்பாள் இல்லாத அறையும் அப்பா மாதிரி ஒருவரும்

1

இந்தக் கதை ஒரு தாழ்ப்பாளில் தொடங்கியது. படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போன அண்ணன் மகள், பேச்சோடு பேச்சாகப் போனில் சொன்னாள்: "அத்தை, முதல் சம்பளத்துல ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன்." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. ஆகவே இதில் வருபவள் அவளில்லை. அண்ணன் இதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மாநகரம் அவளை இரு கைகளையும் விரித்து வரவேற்—'

அடித்துவிட்டேன். கையை விரித்தது உண்மைதான், வரவேற்கத்தான் இல்லை.

சரி, நேராகவே சொல்கிறேன். அவளுக்குக் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று நாளெல்லாம் ஊரார் வீடுகளுக்கு வளைகோடு போடுகிறாள். கல்லூரி விடுதியைக் காலி செய்தாக வேண்டும். அறை கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று அப்பா வாசலிலேயே காத்திருக்கிறார்.

அறை தேடினாள். 'தனி அறை' என்றார்கள். போய்ப் பார்த்தால் பலகை வைத்து அடைத்த பால்கனி. 'காற்றோட்டமானது' என்றார்கள், ஜன்னலுக்குக் கண்ணாடியே இல்லை. (கதை எழுதுகிறவள் நான், பொய் சரளமாக வருவது என்னவோ இந்த விளம்பரக்காரர்களுக்குத்தான்.)

கடைசியில் ஒரு மாடி அறை அமைந்தது. அவள் சம்பளத்துக்குத் தாங்கும் வாடகை, பக்கத்திலேயே பஸ். அறையில் ஏற்கெனவே இருந்தவர் ஒரு நர்ஸ் அக்கா. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

3

வீட்டுக்காரரை முதலில் முரட்டு மீசையும் சிவந்த கண்ணுமாக எழுதிப் பார்த்தேன். சகிக்கவில்லை. அப்படி ஒருவரைப் பார்த்தால் எந்தப் பெண்ணும் படியிலேயே திரும்பிவிடுவாளே! உண்மையில் இவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், சனியன். இவர் பெட்டியைத் தூக்க வந்தார். "சாப்டியாம்மா?" என்று கேட்டார்.

"சார், தாழ்ப்பாள்?"

"முன்னாடி இருந்த பொண்ணு உள்ள மாட்டிக்கிச்சும்மா. அதான் கழட்டிட்டேன். எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான். எங்கிட்ட ஒரு சாவி இருக்கு, பயப்படாதே. நான் உனக்கு அப்பா மாதிரி."

அப்பா மாதிரி!*

(* இந்த 'மாதிரி'யை நம்பி வீடு புகுந்த பெண்களை வரிசையாக நிறுத்தினால், வரிசை என் வீட்டைத் தாண்டிப் போகும்.)

அப்பா மாதிரி தட்டாமல் வந்தார். குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தார், ஒழுகவில்லை. மின்விசிறி சத்தம் போடுகிறதா என்று பார்க்க வந்தார், போடவில்லை. ஒருநாள் அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது சாவி திரும்பியது. "ஓ, இருக்கியா?" என்றவர் போகாமல் கொஞ்சம் நின்றார். அந்தக் 'கொஞ்சத்தை' எழுத எனக்குக் கை கூசுகிறது. அந்த ஆளுக்குக் கூசவில்லை.

நர்ஸ் அக்கா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். படுக்கும் முன் கதவோடு வாளியை ஒட்டி வைத்து, அதன் விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"விழுந்தா முழிச்சுக்கலாம்" என்றார். "இந்த வாடகைக்கு வேற எவன் குடுப்பான்? வாளிய வெச்சுட்டுத் தூங்கு."

அம்மாவோ போனில், "கொஞ்சம் அனுசரிச்சுப் போடி" என்றாள்.

4

இங்கே அவள்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவுக்கும் வாய் திறக்காத பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன கதை எழுதுவது? திட்டி நாலு வரி எழுதி, நானே கிழித்துப் போட்டேன். வாடகை கொடுக்காத எனக்கு வீரத்துக்கு என்ன குறைச்சல்?

ஆகவே அவளைக் கீழ் வீட்டுக்கு அனுப்பினேன், தண்ணீர் வரவில்லை என்று சொல்ல. வீட்டுக்காரரின் மகளும் இவள் வயதுதான். அந்தப் பெண்ணின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வீட்டுக்காரர் அதன்முன் நின்று விரலால் மெதுவாகத் தட்டினார்.

"பாப்பா, அப்பா வரலாமா?"

"இருங்கப்பா."

இருந்தார்! கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக, உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கும்வரை இருந்தார்.

அவள் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமலே படியேறினாள். அந்த ஆளுக்குத் தட்டத் தெரியும்.

மறுநாளே தாழ்ப்பாள் வாங்கினாள். ஆயிரம் கதவு வரைந்தவள் திருப்புளியைத் தொட்டது அன்றுதான். கோணலாகத்தான் மாட்டினாள், ஆனால் தாழ் சரியாக விழுந்தது.

"என்னையும் சேர்த்துத் தொரத்தப் போறாருடி" என்றார் நர்ஸ் அக்கா. சொன்னவர், வாளி விளிம்பிலிருந்த டம்ளரை எடுத்துக் கழுவி அதில் தண்ணீர் குடித்தார்.

5

இனி முடிவு.

ஒன்று: வீட்டுக்காரர் வெட்கித் தலைகுனிந்து மன்னிப்புக் கே— சீ, இந்த ஆளாவது வெட்கப்படுவதாவது!

இன்னொன்று: இருவரும் பெட்டியோடு தெருவில் நிற்கிறார்கள். இது நடக்கக்கூடியது. நடந்தால், 'பொண்ணுங்களுக்கு வாய் ஜாஸ்தி' என்று தெருவே பேசும்.

மூன்றாவதைப் பாதிதான் எழுத முடிந்தது. சனிக்கிழமை மாலை. இருவரும் உள்ளே இருக்கிறார்கள். வெளியே சாவி திரும்புகிறது. கதவு அசைந்து நிற்கிறது. சாவி இன்னொருமுறை திரும்புகிறது. ஒரு தள்ளு. கோணல் தாழ்ப்பாள் தாங்குகிறது.

பிறகு, அந்த மாடியில் முதல்முறையாக, அவர் கதவைத் தட்டுகிறார்.

அவள் எழுந்து போய்த் திறக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்கிறாள்:

"யாரு?"

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. 'வீட்டுக்காரன்' என்று சொல்லலாம். 'அப்பா மாதிரி' என்று இனியும் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. இதைப் படிக்கிற நீங்களும் மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கலாம், உங்கள் இடுப்பிலும் ஒரு மாற்றுச் சாவி தொங்கலாம். அப்படியானால் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

அவள் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். சொல்லுங்கள், யாரு?