பேசப்பட்டது, பச்சைதான்

“கலந்து பேசாம, தனித்தனியா எழுதித் தாங்கோன்னுதானே மாமா சொன்னேன்?”

“சொன்னேடி, யார் இல்லேன்னா? பதினோரு பேர் பதினோரு தினுசா எழுதினா உனக்குன்னா சிரமம். ஒரே நோட்டாப் போட்டு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன். அப்படியே சப்மிட் பண்ணிடு.”

அண்டர் செக்ரட்டரி சேஷன், நாடா கட்டிய ஃபைலை நீட்டிவிட்டு, உபகாரம் செய்த திருப்தியோடு படியிறங்கிப் போனார். காமாக்ஷி ஃபைலும் கையுமாக வாசலிலேயே நின்றாள்.

எம்.ஏ. சைக்காலஜி, இரண்டாம் வருஷம், குற்றவியல் பிரிவு. கண்ணால் பார்த்த சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அவள் ஆய்வு. திங்கட்கிழமை பதினோரு வாக்குமூலம் மேஜைக்கு வராவிட்டால் தலைப்பையே மாற்றிவிடுவதாகக் கைடு மேடம் சொல்லியிருந்தார். மாற்றுத் தலைப்பு என்றால் லைப்ரரியில் உட்கார்ந்து பழைய கேஸ் கட்டுகளுக்கு அட்டவணை போடுவது. ஓரிடத்தில் பத்து நிமிஷம் உட்காரத் தெரியாத காமாக்ஷிக்கு அது ஆயுள் தண்டனை.

அதற்காகத்தான் அன்று காலை, டெல்லி கிட்வாய் நகர் ஞாயிற்றுக்கிழமை பஜனையில் ஒரு திருட்டை நடத்தினாள். கூடப் படிக்கும் அந்தோணியைக் காலனியில் யாருக்கும் தெரியாது. அவன் செருப்புக் காலோடு உள்ளே நுழைந்து, சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பாட்டு நின்றுபோனது. சேஷன் மட்டும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு வரி பாடினார். காமாக்ஷி எழுந்து, இதெல்லாம் நாடகம் என்று சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்தாள்; பார்த்ததைச் சாயங்காலத்துக்குள் எழுதித் தரக் கேட்டுக்கொண்டாள்.

பதினோரு பேரும் சென்ட்ரல் கவர்ன்மெண்ட் என்பதை அவள் யோசிக்கவில்லை. கையில் ஒரு காகிதம் வந்தால் அதை மேலே அனுப்பாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

ஃபைலைப் பிரித்தாள். திருடன் பச்சைச் சட்டை, வெறுங்கால். அடியில் பதினோரு கையெழுத்து. அந்தோணிக்கு அந்தச் சட்டையைச் சரோஜினி நகரில் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். சாக்லேட் கலர்.

எரிச்சலில் பின்பக்கங்களைப் புரட்டினாள். அங்கே வரிசையாகக் குறிப்புகள் இருந்தன. முதலில் எல்.டி.சி. குமாஸ்தா சுப்பு: ‘சாக்லேட் நிறச் சட்டை, ரப்பர் செருப்பு.’ அடுத்து, அவருக்கு மேல் செக்‌ஷன் ஆபீசர்: ‘நிறம் சரிபார்க்கவும்.’ அவருக்கும் மேல் சேஷன்: ‘பச்சை என்று நினைவு. பேசவும்.’ கடைசியில் மறுபடி சுப்பு: ‘பேசப்பட்டது. பச்சைதான்.’

காமாக்ஷி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போய் சுப்பு வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“நிஜமாச் சொல்லுங்கோ, நீங்க என்ன கலர் பார்த்தேள்?”

சுப்பு அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். “காலம்பற சாக்லேட்டுன்னுதாம்மா எழுதினேன். அப்புறம் சார் கூப்பிட்டுப் பேசினார். இப்போ கண்ணை மூடினா பச்சையாத்தான் தெரியறது. உனக்காகப் பொய் சொல்லச் சொல்றியா?”

அவர் பொய் சொல்லவில்லை என்று முகமே சொன்னது. கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒருவர், பார்த்த பத்துப் பேருக்குச் சட்டை மாற்றிவிட்டிருந்தார். அது எந்தத் தேதி, எத்தனை மணி, யார் சொல்லி என்பது வரைக்கும் இனிஷியலோடு ஃபைலில் இருந்தது.

மறுநாள் மேடம் அந்தப் பக்கங்களை மூன்று தடவை படித்தார். இப்படி ஒரு டேட்டா கேட்டாலும் கிடைக்காது என்று சிரித்து, தலைப்பில் ‘பதவி’ என்ற சொல்லை மட்டும் சேர்த்துக் கையெழுத்திட்டார். இன்னொரு தடவை செய்துபார்க்கவும் சொன்னார்.

அடுத்த வாரம் சேஷன் டூரில் பம்பாய் போகிறாராம். அந்தோணி இந்த முறை மஞ்சள் சட்டை கேட்கிறான். மேலே சேஷன் இல்லாவிட்டால் சுப்பு தான் பார்த்த நிறத்திலேயே நிற்பாரா, இல்லை அடுத்த சீனியர் பேனாவைத் திறந்து ‘பேசவும்’ என்று எழுதிவிடுவாரா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?