இரும்பின் நீலம்

டாக்டர் சுந்தரராஜுலு மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே ஜாஹிதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பத்திமூன்றில் சேர்ந்து பதினோரு வருஷமாக இந்த ஆஸ்பத்திரி லேபில் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிக் கொடுக்கிறவள் அவள். பார்த்துச் சொல்கிறவர் அவர்.

ஸ்லைடில் இருந்தது நஞ்சுண்டனின் நுரையீரல் துணுக்கு. கணபதிப் பகுதியில் ஒரு பவுண்டரியில் இருபத்திரண்டு வருஷம் பம்புசெட்டுக்கு இரும்பு வார்த்த ஆள். இப்போது நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வழக்கமான சாயத்தில் கருப்பும் பழுப்புமாகத் துகள்கள் தெரிந்தன. பீடிப் புகை என்று எழுதிவிட்டால் கம்பெனி நஷ்டஈடு தராமல் கையைக் கழுவிக்கொள்ளும். காலையில் நஞ்சுண்டனின் மனைவி சாமியாத்தாள் லேப் ஜன்னலில் நின்று சொன்னாள்:

"எங்கூட்டுக்காரரு பீடியத் தொட்டதே இல்லீங்க அம்மணி. இல்லாத பழியோட அவரு போகக் கூடாதுங்க."

அதனால்தான் யாரும் கேட்காமலே ஜாஹிதா இரும்பைக் காட்டும் சாயத்தைப் போட்டாள். புகைக்கரி கருப்பாகவே கிடக்கும். இரும்பு நீலமாகும். ஸ்லைடு முழுக்க நீலம்.

"இது நஞ்சுண்டன் இரும்பில்லம்மா, நம்ம குழாய் இரும்பு. எந்தத் தண்ணில அலசுன? எந்த இடுக்கியால எடுத்த?" என்றார் டாக்டர்.

ஜாஹிதாவின் முகம் சுண்டிப்போனது. குழாயில் சிறுவாணித் தண்ணீர் வராத நாள்; இரும்பு கலந்த போர்வெல் தண்ணீரில் அலசியிருந்தாள். எடுத்ததும் துருப்பிடித்த பழைய இடுக்கியால். தப்பு அவளுடையதுதான். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தப்புத்தானுங்க சார். மறுபடி போடறேனுங்க."

"வேண்டாம். சாயங்காலம் ரிப்போர்ட் போகணும்."

"அதுக்குள்ள போட்டர்றேனுங்க."

இந்த ஊரில் 'ங்க' போட்டுப் பேசுகிறவர்கள் இறங்கி வருகிறார்கள் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அவள் மத்தியானச் சோற்றுப் போசியைத் திறக்கவே இல்லை. கண்ணாடிப் பாத்திரங்களை ஆசிட்டில் முக்கி, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசினாள். இடுக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு, விளக்குமாற்றில் ஈர்க்குச்சி உருவி, கழுவி, அதைக்கொண்டு சீவலை எடுத்தாள். அலமாரியில் பழைய மெழுகுக் கட்டி ஒன்று இருந்தது. பிறந்து மூன்றே நாளில் போன ஒரு குழந்தையின் நுரையீரல். பீடியும் அறியாதது, பவுண்டரியும் அறியாதது. அதில் ஒரு சீவலை அதே ஸ்லைடில் நஞ்சுண்டனுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். தண்ணீரில் இரும்பு இருந்தால் குழந்தையும் நீலமாகட்டும்.

நாலரை மணிக்கு டாக்டர் ரிப்போர்ட் எழுதப் பேனாவைத் திறக்கும்போது ஸ்லைடைக் கொண்டுபோய் லென்சுக்கடியில் வைத்தாள்.

"பாத்துப்போட்டு எழுதுங்க சார்."

அவர் ஸ்லைடை இடப்பக்கம் நகர்த்தினார். குழந்தை இளஞ்சிவப்பாக இருந்தது, ஒரு பொட்டு நீலமில்லை. வலப்பக்கம் நகர்த்தினார். நஞ்சுண்டன் முழுக்க நீலம். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஜாஹிதா கதவைத் திறந்து, பெஞ்சிலிருந்த சாமியாத்தாளைக் கூப்பிட்டாள்.

"உள்ள வாங்கக்கா. உக்காந்து நீங்களே பாருங்க."

சாமியாத்தாள் தயங்கித் தயங்கி டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். நேரம் போனது. அவள் எழுந்திருக்கிற மாதிரி இல்லை. ஜாஹிதாவும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. மூடி திறந்த பேனாவோடு, ரிப்போர்ட் எழுத நாற்காலி காலியாகட்டும் என்று டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.