பன்னிரண்டு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் மிளகு

2023 பெப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை மடவளை சலாஹுதீன் ஹாஜியார் வீட்டில் இருந்தவர்கள்: மறைந்த ஹாஜியாரின் மூத்த மகன் ஹலீம், அவருடைய உடன்பிறப்புகள் கைரியா, ருஷ்தி, ரிஸ்னா, அஸீமா, ஸிபான், சாட்சியாக வந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் இராஜரத்தினம், அழைப்பில்லாமல் கம்பளையிலிருந்து வந்த அனீஸா. பாயில் கொட்டிய மிளகு வழக்கம்போலக் கைபடாமல் உருண்டு பாகம் பிரிந்தது. ஆனால் முதல் முறையாக ஆறு மணிகள் மிஞ்சின.

அந்த வீட்டுக் கொடி ஆண்டுதோறும் 12,96,000 மணி காய்க்கும். மழை பொய்த்தாலும் குறையாது. ஹாஜியார் ஒரு தடவை நான்கு மாதம் எண்ணி உறுதிசெய்தார். காணி மார்க்கச் சட்டப்படி பிரிந்துவிட்டது. மிளகு மட்டும் பாயில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தலைக்குச் சமம் என்பது அவர் வைத்த முறை. பதினெட்டு வருடம் ஆளுக்கு 2,16,000 மணி உருண்டு வந்தது. ஸிபான் கட்டாரில் இருந்த வருடங்களில் மட்டும் ஐந்தாகப் பிரிந்தது, அப்போதும் மிச்சமில்லை. ஆகவே மிளகுக்கு வாரிசைத் தெரியும் என்று குடும்பம் நம்பியது. ஹாஜியார் கம்பளையில் இரண்டாவது நிக்காஹ் செய்ததாகவும், தான் அந்தத் திருமணத்தில் பிறந்த மகள் என்றும் அனீஸா நிக்காஹ் கடுதாசியை நீட்டியபோது ஹலீம் அதைத் தொடவில்லை. மிளகு சொல்லட்டும் என்று பாயில் உட்காரவைத்தார். ஏழு பேருக்கும் 1,85,142 மணி சேர்ந்தபின், நடுவில் அந்த ஆறு.

“நாங்க ஆறு பேர், மிச்சமும் ஆறு. இவ வாப்பாட மகள் இல்ல” என்றார் ஹலீம்.

“எனக்கு மிளகு வேணாம் நானா. மகள் எண்டு சொன்னாப் போதும்” என்றாள் அனீஸா, அவரை அண்ணன் முறை வைத்து.

“நானா எண்டு கூப்பிடாத.”

இராஜரத்தினம் கண்ணாடியைத் துடைத்தார். “ஹலீம், ஒருக்கா எழும்புங்கோ.”

ஹலீம் எழுந்தார். குவியல்கள் நடுவுக்குத் திரும்பி ஆறாகப் பிரிந்தன. அனீஸாவுக்கும் 2,16,000. ஒரு மணியும் மிஞ்சவில்லை.

“அப்ப நானாதான் வெளியாளா?” என்றார் ருஷ்தி. கைரியா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் ஹலீமைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அது நியாயமில்லை, அவருக்கு அப்படியே ஹாஜியாரின் முகம்.

“ஆளில பிழை இல்லை” என்றார் இராஜரத்தினம். “ரெண்டு, மூண்டு, அஞ்சு, இந்த மூண்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பெருக்கி வந்த எண் இது. ஏழு அதுக்குள்ள இல்லை. ஏழாவதா ஆர் இருந்தாலும் ஆறு மிஞ்சும்.” ஹலீமை உட்காரவைத்து, தாமும் எட்டாவதாகச் சம்மணமிட்டார். ஆளுக்கு 1,62,000, மிச்சமில்லை. “பாருங்கோ, நானும் ஹாஜியாற்ர மகன்தான்.”

ஹலீம் கையை நீட்டிக் கடுதாசியை வாங்கினார். கையெழுத்து வாப்பாவுடையது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இரி தங்கச்சி, சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்றார்.

அதன்பின் ஆண்டுதோறும் ஏழு பேர் உட்காருகிறார்கள், ஆறு மிளகு மிஞ்சுகிறது. அந்த ஆறும் மூத்த ஆறு பேருக்கும் ஆளுக்கொன்றாகப் போவதாக மடவளையில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். ஆறும் அன்றைய இறைச்சிக் கறியில் போகின்றன. கறியை ஏழு பேரும் சாப்பிடுகிறார்கள்.