செல்லம் செல்லாது

செல்லம் என் பெண்டாட்டி அல்ல, மகளும் அல்ல. ஒரு ஆட்டத்தில் நான் வைத்திருந்த ஆள். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எழுபத்தைந்தாம் வருஷம் நான் தீவில், ஹேடோ துறைமுகத்தில், சரக்கு இறக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கப்பல் ஒன்று பழுதாகிப் பதினேழு நாள் நின்றது. ஆபீஸ் கிளார்க் கிருஷ்ணமூர்த்தி அதிலிருந்த ஒரு மாலுமியோடு பழகி ஒரு ஆட்டம் கற்றுக்கொண்டான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கு ஒரு கற்பனை ஆள். ஒருவன் கதை சொல்லுவான். முன்னால் பாழடைந்த கோட்டை, என்ன செய்கிறாய் என்று கேட்பான். நம் ஆள் செய்வதை நாம் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கிருஷ்ணமூர்த்தி விதிகளையெல்லாம் தமிழில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினான். அட்டையில் 'முதல் பதிப்பு' என்று போட்டான். 'முதல்' என்று போட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் குவார்ட்டர்ஸில் ஆடுவோம். அவன், அவன் மனைவி ருக்கு, கேன்டீன் ஜம்புலிங்கம், நான். ஆளை உண்டாக்க, பலம், ஓட்டம், படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்ட வேண்டும். என் ஆளுக்குப் பலம் ஐந்து. ஓட்டம் ஏழு. படிப்புக்கு மூன்று பகடையிலும் ஆறு விழுந்தது.

"பதினெட்டு! கண்ணையாண்ணே, உங்க ஆளுக்கு உலகத்துல இருக்கற அத்தனை எழுத்தும் தெரியும்" என்றான் கிருஷ்ணமூர்த்தி.

"அரே, ரெண்டாங் கிளாஸ் தாண்டாதவனுக்குப் பதினெட்டா? பகடைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாய்யா?" என்றான் ஜம்புலிங்கம்.

"பேரு சொல்லுங்கண்ணே" என்றாள் ருக்கு.

"செல்லம்னு எழுதும்மா."

"பொம்பளையா?"

"ஆம்பளையா இருந்து பார்த்தாச்சு. ஒண்ணும் கிழிக்கல."

ஆனால் செல்லம் கிழித்தாள். கோட்டைக் கல்வெட்டைப் படித்தாள். மூழ்கின கப்பலின் கேப்டன் எழுதிவைத்த கடிதத்தைப் படித்தாள். எழுத்து வரும் இடத்தில் கிருஷ்ணமூர்த்தி என் காதில் விஷயத்தைச் சொல்லுவான். நான் வாய் திறக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். "செல்லம், என்ன எழுதியிருக்கு? சீக்கிரம் சொல்லு" என்று ஜம்புலிங்கமே கெஞ்சுவான்.

ஆபீஸில் இங்கிலீஷ் காகிதம் வந்தால் நான் அடுத்தவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் என்ன சொல்கிறானோ அதுதான் எழுதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருநாளும் நம்பியதில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் அப்படி நடந்தது.

எழுபத்தேழில் மெயின்லேண்டிலிருந்து ஒரு இளவயசு இஞ்சினியர் மாற்றலாகி வந்தார். அவர் பெட்டியில் அந்த ஆட்டத்தின் அச்சடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. கிருஷ்ணமூர்த்தி அதன் அட்டையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னான்: "புதுப் பதிப்புண்ணே. இனிமே இதுதான்."

"நம்ம நோட்டுக்கு என்ன கேடு?"

"எந்தப் பதிப்புக்கும் ஒரு ஆயுசு உண்டுண்ணே. ரெண்டு வருஷம், மூணு வருஷம். அப்புறம் எல்லாரும் புதுசுக்குப் போயிடுவாங்க. நாம பழசையே கட்டிக்கிட்டிருந்தா கூட ஆட ஆள் வராது."

"அப்ப இதுவும் ஒருநாள் சாகும்."

"இது சாகாதுண்ணே. எல்லாத் தப்பையும் சரி பண்ணிட்டாங்க."

ரேஷன் கார்டை மாற்றினபோதும் ஒருத்தன் இப்படித்தான் சொன்னான். புதுக் கார்டில் என் அம்மா பேர் விட்டுப்போயிற்று. அதற்கப்புறம் அவள் பதினொரு மாதம் உயிரோடு இருந்தாள், கார்டில் இல்லாமலே.

"செல்லம் வருவாளா?" என்று கேட்டேன்.

கிருஷ்ணமூர்த்தி நிமிரவில்லை. ருக்குதான் சொன்னாள்: "பழைய ஆளுங்க நஹி சலேகா, அண்ணே. எல்லாரும் புதுசா உருட்டணுமாம்."

ஜம்புலிங்கம் தொடையில் தட்டினான். "கேட்டியா கண்ணையா? செல்லம் செல்லாது!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு புது ஆளுக்கு உருட்டினேன். பலம் வந்தது, ஓட்டம் வந்தது. "படிப்பு?" என்றேன்.

"அதை எடுத்துட்டாங்க" என்றார் இஞ்சினியர். "எழுத்து வர்ற இடத்துல ஆடுறவரே சீட்டை எடுத்து வாசிக்கணும். அப்பதான் த்ரில்."

புத்தகத்தில் அப்படித்தான் இருந்ததா, இவராகச் சொன்னாரா, நான் எங்கே போய்ப் பார்க்க? ஆட்டம் நடந்தது. என் ஆள் ஒரு பேழையைத் திறந்தான். இஞ்சினியர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். டைப் அடித்த இங்கிலீஷ், நாலு வரி.

சரக்குப் பெட்டிகளில் படம் இருக்கும். டம்ளர் இருந்தால் உடையும், மெதுவாக இறக்கு. குடை இருந்தால் நனைக்காதே. இருபது வருஷம் அந்தப் படங்களைப் பார்த்தே ஒரு பெட்டிகூட உடையாமல் இறக்கினவன் நான். சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்னாலும் படம் எதுவும் இல்லை.

ருக்கு கை நீட்டினாள். "நோ, நோ. அவரே" என்றார் இஞ்சினியர்.

ஜம்புலிங்கம் ஏதாவது கேலி செய்திருந்தால் தேவலாம். கிருஷ்ணமூர்த்திக்கு எல்லாம் தெரியும். இரண்டு வருஷம் செய்த மாதிரி சாய்ந்து என் காதில் சொல்லியிருக்கலாம். அவன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"டியூட்டி இருக்கு" என்று எழுந்தேன். அன்றைக்குத் துறைமுக ஜெட்டியில் கப்பலே கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும்.

வாசலில் பழைய நோட்டு ஸ்டவ்வுக்கு அடியில் கிடந்தது. உருவி எடுத்தேன். "இது வேணுமா?"

"எடுத்துக்கங்கண்ணே. செல்லாததுதானே" என்றான் கிருஷ்ணமூர்த்தி.

எழுபத்தொன்பதில் இஞ்சினியர் லீவில் போய் இன்னும் தடியான புத்தகத்தோடு திரும்பினார். சாகாது என்ற பதிப்பு இரண்டே வருஷத்தில் செத்தது. அப்புறம் அவரோடு ஆடியது ஆபீசர்கள் மட்டும். கிளார்க்குக்கு அங்கே நாற்காலி இல்லை. கிருஷ்ணமூர்த்தி இரண்டு வருஷமாக வளர்த்து ராஜாவாக்கி வைத்திருந்த ஆள் ஒரே நாளில் செல்லாமல் போனான்.

ஒரு காலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். டீ வேண்டாம் என்றான்.

"அண்ணே, அந்தப் பழைய நோட்டு வச்சிருக்கீங்களா? நாம நாலு பேரும் மறுபடி உட்காருவோம். விதியெல்லாம் எனக்கே மறந்துபோச்சு. செல்லத்தைக் கூட்டிக்கிட்டு வாங்க."

நான் மூலையில் இருந்த டிரங்குப் பெட்டியைக் காட்டினேன்.

"அதுல ஏகப்பட்ட காகிதம் கிடக்கு தம்பி. எது எந்த நோட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். திறக்கட்டுமா என்று கேட்கவில்லை. திற என்று நானும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

நோட்டு பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலேதான் இருந்தது. தமிழை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதுவும் அவனுக்குத் தெரியும்.