ஒரு சொட்டும் கசியாத கிணறு

என் மனைவியின் தம்பி முஸ்தாக் சவூதியில் சேற்று இன்ஜினியர். மாமி சுபைறா இதை வெளியில் சொல்லமாட்டார். கல்முனையில் யார் கேட்டாலும் 'எண்ணெய்க் கம்பனி' என்பதோடு நிறுத்திக்கொள்வார். உண்மையில் எண்ணெய்கூட இல்லை, வாயு. ஷேல் என்ற களிப்பாறைக்குள் அடைபட்ட வாயுவுக்குத் துளை போடும்போது உள்ளே ஓடவிடுகிற சேற்றைக் கலக்குவதுதான் அவன் வேலை. அந்தப் பாறை தண்ணீர் குடித்தால் ஊதி இடிந்துவிடுமாம். அதனால் அதன் நுண்ணிய துவாரங்களை அடைக்க, அவற்றைவிடச் சிறிய நனோத் துகளைச் சேற்றில் போடுகிறார்கள். இதை நாற்பது தடவை கேட்டிருக்கிறேன். மனைவி வீட்டில் இருக்கிறவன் நான், எழுந்து போக இடமில்லை.

மாமா அச்சிமுகம்மது மௌத்தாகி எட்டு மாதம். பள்ளிவாசலில் அவர் பேரில் ஒரு குழாய்க்கிணறு அடிக்க வேண்டும் என்பது மாமியின் ஒரே ஆசை. அதில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை, தொழுமுன் யார் கைகால் கழுவி வுழூச் செய்தாலும் கபுறில் அடங்கியிருக்கிறவருக்கு நன்மை போய்ச்சேரும். முஸ்தாக் மூன்று வார லீவில் வந்ததே அதற்குத்தான். குழாய் என் ஹாட்வெயார் கடையில் இருந்தது. பெயர்க்கல்லும் வெட்டியாயிற்று.

துளை போடப் பாண்டிருப்பிலிருந்து கனகரெத்தினம் வந்தார். இந்தக் கரையில் பாதிக் கிணறுகள் அவர் அடித்தவை. வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"தம்பி, ரெண்டு வாளி மாட்டுச்சாணி வேணும்."

"சாணியா? என்னத்துக்கு?"

"இது மணல் தரை. சாணியக் கரைச்சு ஊத்தாட்டி சுவர் நிக்காது, பொலபொலண்டு விழுந்திரும்."

முஸ்தாக்கின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அண்ணன், இது தொழப்போற ஆக்கள் வுழூச் செய்ற தண்ணி. பள்ளிக் கிணத்துக்குள்ள நஜீச ஊத்தச் சொல்றீங்களா?"

மார்க்கம் அசுத்தம் என்று வைத்ததை ஊற்றலாமா? கனகரெத்தினம் பாவம், தலையைச் சொறிந்தார். பள்ளி நிருவாகத்தில் எட்டுப் பேர். நான் உட்பட எட்டுப் பேரும் முஸ்தாக்குக்குத் தலையாட்டினோம். பளீல் மௌலவி பக்கத்து அறையில்தான் இருந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியாத மார்க்கமா?

மறுநாள் முஸ்தாக் தன் பெட்டியிலிருந்து நனோத் துகள் அடைத்த ஒரு வெள்ளைப் பொட்டலத்தை எடுத்து, கொழும்பிலிருந்து வரவழைத்த களிமண் மாவோடு கலந்தான். பொய் சொல்லக்கூடாது, வேலை அவ்வளவு அழகு. துளையின் சுவர் சீமெந்து பூசியதுபோல நின்றது. அவன் படம் பிடித்துச் சவூதிக்கு அனுப்பினான்.

"பாத்தீங்களா மச்சான்? ஒரு சொட்டும் கசியாது!"

"கசியாட்டி தண்ணி எதால வாற, தம்பி?" என்றார் கனகரெத்தினம் மெதுவாக. படித்தவன் கதைக்கும்போது குறுக்கே கதைக்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

குழாயை இறக்கி, பெயர்க்கல்லை நட்டு, பம்பை அடித்தோம். காற்று வந்தது. கொம்பிரசரால் மூன்று நாள் ஊதினோம். அப்போதும் காற்றுத்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் றமீஸ் வீட்டுக் கிணற்றில் குனிந்தே வாளியால் தண்ணீர் அள்ளலாம். இதற்கிடையில் சவூதி மேலதிகாரி பாராட்டி எழுதியிருந்தார். இப்படி ஒரு துளைக்குத்தான் அவர்கள் அங்கே தவம் கிடக்கிறார்களாம்.

அன்று பகல் சோறு போடும்போது மாமி கேட்டார். "மகன், வாப்பாக்கு இன்னும் ஒண்டும் போய்ச் சேரல்லயா?"

முஸ்தாக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். லீவு முடிய நான்கு நாள்தான் இருந்தது. நேரே மௌலவியிடம் போனோம்.

"சாணி நஜீஸ்தான்," என்றார் அவர். "ஆனா நல்லா இறைச்சு விட்டு, நிறம், மணம், ருசி மூண்டும் மாறாத தண்ணி நிறைய ஊறி வந்தா, வுழூவுக்கு என்ன தடை?"

"இத முந்தியே சொல்லியிருக்கலாமே, மௌலவி?"

"நீங்க ஆரும் என்னட்டக் கேக்கல்லயே, தம்பி."

முஸ்தாக் மோட்டார் சைக்கிளை எடுத்து நற்பிட்டிமுனை மாட்டுப்பட்டிக்குப் போய், இரண்டு வாளி சாணியோடு வந்தான். சவூதியில் கையுறை இல்லாமல் உப்பைக்கூடத் தொடாதவன், முழங்கைவரை விட்டுக் கரைத்தான். கனகரெத்தினம் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் தடிப்பா, இன்ஜினியர் தம்பி. இதுவும் சேறுதானே."

பழைய துளைக்கு எட்டடி தள்ளிப் புதியது இறங்கியது. அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குத் தண்ணீர் வந்தது, முதலில் சாணி கரைந்து பச்சையாக, பிறகு மஞ்சளாக. விடாமல் இறைத்தோம். மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்குக் கண்ணாடிபோல் வந்தது. மௌலவி மோந்து, வாயில் வைத்துப் பார்த்து, "போதும், அல்ஹம்துலில்லாஹ்," என்றார். மாமி ஒரு கை ஏந்திக் குடித்துவிட்டு நின்ற இடத்திலேயே அழுதார். முஸ்தாக்கும் அழுதான், இன்னும் சாணி மணம் போகாத கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல்.

பெயர்க்கல்லைப் பெயர்த்துப் புதிய கிணற்றடியில் நட்டோம். காய்ந்த குழாயைப் பிடுங்க ஐந்து பேர் இழுத்தும் அது அசையவில்லை. அவன் போட்ட சுவர் அப்படி.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அது நிக்கட்டும். வாப்பாட பேரு தண்ணி வாற இடத்தில இரிக்கி. உன்ட பேர இதில எழுதிட்டுப் போ, மகன்."

உம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை. என் கடையிலிருந்து பெயின்ற் வாங்கி எழுதிவிட்டுத்தான் விமானம் ஏறினான். இப்போது தொழ வருகிறவர்கள் சைக்கிளை முஸ்தாக்கில் சாத்திவிட்டு, அச்சிமுகம்மதில் வுழூச் செய்கிறார்கள்.